பென்னாகரத்து ஓட்டு

வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு பெங்களூரிலிருந்து தருமபுரி பக்கம் வரும் பேருந்துகளில் நிற்க இடம் கிடைக்காது. ஓசூரில் ஒரு கூட்டம் ஏறும், கிருஷ்ணகிரியில் இன்னொன்று. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், அடுக்குமாடியில் காவல் வேலை பார்ப்பவர் என எல்லோரும் அதில் இருப்பார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து தூங்கும் பெண்ணின் மடியில் குழந்தை, காலடியில் சிமென்ட் சாக்கில் தைத்த பை. பொங்கலுக்கு ஒருமுறை, மாரியம்மன் பண்டிகைக்கு ஒருமுறை, ஓட்டுக்கு ஒருமுறை என்று இந்த ஊர்க்காரர்கள் வீடு திரும்புவதில் ஒரு கணக்கு இருக்கிறது. பொங்கலும் பண்டிகையும் சொந்தக்காரர்களுக்காக. ஓட்டு யாருக்காக என்ற கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை பதில் தேடுகிறது.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் மிக அதிகமாக வாக்குப் பதிவானது தருமபுரியில்: 81.20 சதவீதம். மாநில சராசரி 70-ஐக்கூடத் தொடவில்லை. 2014-லும் முதலிடம் தருமபுரிக்குத்தான். 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 தொகுதிகளிலும் முன்னால் நின்றது இதே மாவட்டத்தின் பாலக்கோடு, 87.33 சதவீதத்துடன். அந்தத் தேர்தலில் கடைசியில் நின்றது சென்னையின் வில்லிவாக்கம். இதோடு இன்னொரு எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். படிப்பில் கடைசி, ஓட்டில் முதல். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள் சட்டென்று ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: சாதி சொன்னபடி போடுகிறார்கள், காசு வாங்கிப் போடுகிறார்கள். இந்த முடிவு தவறு என்பது என் உறுதியான எண்ணம். அதைக் காட்ட பென்னாகரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை.

பென்னாகரம் பேரூராட்சி. தருமபுரியிலிருந்து மேற்கே போய், ஒகேனக்கல் மலை இறக்கத்துக்கு முன்னால் வரும் கடைசிப் பெரிய ஊர். சுற்றிலும் மானாவாரி நிலம்: ராகி, சாமை, நிலக்கடலை, கொஞ்சம் புளியமரம். தண்ணீர் இருந்தால் தக்காளி. காவிரி பக்கத்திலேயே பள்ளத்தில் ஓடுகிறது, ஆனால் இந்த நிலத்துக்கு ஏறி வராது. பெரும்பான்மைச் சமூகம் வன்னியர். அவர்களுக்கு அடுத்து ஆதிதிராவிடர், அருந்ததியர். கன்னடமும் தெலுங்கும் வீட்டில் பேசும் குடும்பங்கள் நிறைய, இஸ்லாமியர்களும் உண்டு. மலைக் கிராமங்கள் சிலவும் தொகுதிக்குள் வரும். அங்கே கோட்டூர் மலைக்கு 2021 தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை மேல்தான் ஏறியது.

‘வாக்கு வங்கி’ என்ற சொல்லை உருவாக்கியவர் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ். 1950-களில் மைசூர் வட்டாரத்து ராம்புரா என்ற கிராமத்தைப் பற்றி எழுதியபோது அதைப் பயன்படுத்தினார். காவிரியின் அக்கரையில் பிறந்த சொல் என்றே சொல்லலாம். ஊர்ப் பெரியவர் ஒருவர் தன்னை நம்பியிருக்கும் குடிகளின் ஓட்டை மொத்தமாக ஒரு வேட்பாளருக்குத் திருப்பிவிடுவதைத்தான் அவர் குறித்தார். பின்னாளில் அந்தச் சொல் சாதிக்கென்றே ஆகிவிட்டது. வன்னியர் விஷயத்தில் அதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 1952-லேயே உழைப்பாளர் கட்சி 19 இடங்களும் காமன்வீல் கட்சி 6 இடங்களும் வென்றன. சாதிச் சங்கம் எப்படி மக்களாட்சிக்குள் நுழையும் கருவியாகிறது என்பதற்கு ருடால்ஃப் தம்பதியர் தங்கள் ஆய்வில் எடுத்துக்கொண்ட முதன்மை உதாரணமே இந்தச் சமூகம்தான். 1980-இல் வன்னியர் சங்கம் அமைந்தது. இடஒதுக்கீடு கேட்டு 1987 செப்டம்பரில் நடந்த ஒரு வாரச் சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இடஒதுக்கீடு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. இந்தப் பக்கத்தில் ஐம்பது வயதைக் கடந்த எந்த வன்னியர் வீட்டிலும் அந்த மறியல் வாரத்தின் நினைவு ஒன்று இருக்கும். அதை வெறும் ‘சாதி உணர்ச்சி’ என்று தள்ளிவிட முடியாது. வீட்டில் முதல் பட்டதாரி எப்படி வந்தார் என்பதன் கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

அப்படியானால் பென்னாகரம் எப்போதும் பா.ம.க.வின் மாம்பழத்துக்குத்தானே விழ வேண்டும்? விழவில்லை. 1996-லும் 2001-லும் பா.ம.க.வின் ஜி.கே. மணி வென்றார். 2006-இல் தி.மு.க.வின் பெரியண்ணன். அவர் மறைவால் 2010 மார்ச்சில் நடந்த இடைத்தேர்தலில் அவர் மகன் இன்பசேகரன். 2011-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் நஞ்சப்பன். 2016-இல் மறுபடியும் இன்பசேகரன். 2021-இல் மறுபடியும் ஜி.கே. மணி. பதினைந்து ஆண்டுகளில் மூன்று கட்சிகள். ஒரே சாதி பெரும்பான்மையாக இருக்கும் ஊர் ஒரே பக்கம் சாயும் என்பவர்கள் இந்த வரிசையை விளக்கியாக வேண்டும்.

2010 இடைத்தேர்தலை இங்கே யாரும் மறக்கவில்லை. அமைச்சர்கள் வீதி வீதியாக முகாமிட்டார்கள். பா.ம.க. கூட்டணி எதுவும் இல்லாமல் தனித்து நின்றது. கட்சித் தலைவர் ஜி.கே. மணியின் மகன்தான் வேட்பாளர். தி.மு.க. ஏறத்தாழ 78 ஆயிரம் வாக்குகள் வாங்கி 36,384 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. பா.ம.க. 41 ஆயிரம் சொச்சம் வாங்கி இரண்டாம் இடம். அ.தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போய் டெபாசிட் இழந்தது. இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றைத் தனியாளாக நின்று பின்னுக்குத் தள்ளியதைப் பா.ம.க. வெற்றிபோலவே கொண்டாடியது. அதில் நியாயமும் இருந்தது.

இந்த எண்களை அடுத்த ஆண்டோடு சேர்த்துப் பாருங்கள். 2011-இல் தி.மு.க.வும் பா.ம.க.வும் ஒரே அணி. இடைத்தேர்தலில் அவை இரண்டும் தனித்தனியாக வாங்கியதைக் கூட்டினால் ஒரு லட்சத்து 18 ஆயிரத்துக்கு மேல். கூட்டணியாக நின்று வாங்கியதோ 68 ஆயிரம் சொச்சம். 80 ஆயிரம் வாங்கிய நஞ்சப்பனிடம் தோற்றது. அந்த ஆண்டு மாநிலம் முழுவதும் தி.மு.க.வுக்கு எதிராக வீசிய காற்று, மின்வெட்டு, எல்லாம் சேர்ந்துதான் இது நடந்தது. ஆனாலும் ஓர் ஆண்டுக்கு முன் தெருத்தெருவாகச் சண்டை போட்ட இரண்டு கட்சிக்காரர்களைத் தலைவர்கள் மேடையில் கை கோத்துவிட்டதால் மட்டும் ஊரில் சேர்த்துவிட முடியாது. பங்காளிக்குள் போட்டி, ஊராட்சித் தலைவர் தேர்தலில் தோற்ற கோபம், கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு: ஒரே சாதிக்குள் ஒருவர் உதயசூரியன் பக்கமும் மற்றவர் மாம்பழம் பக்கமும் நிற்பதற்குக் காரணங்கள் இவைதான். அந்தக் காரணங்களுக்குக் கூட்டணி மருந்தாகாது.

2016 இன்னும் தெளிவாகப் பேசுகிறது. பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸ் முதலமைச்சர் வேட்பாளராக மாநிலம் முழுக்கப் பிரசாரம் செய்த தேர்தல் அது. அவர் நின்ற தொகுதி பென்னாகரம். முதலமைச்சரைத் தரும் தொகுதி என்ற பெருமை ஊருக்குக் காத்திருந்தது, சொந்தச் சமூகத்துத் தலைவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மண்ணில் மக்களவைக்கு வென்றவர். கிடைத்தது 58 ஆயிரம் சொச்சம். இன்பசேகரன் 18,446 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். எதிரில் நின்ற பெரிய கட்சிகளும் இதே பெரும்பான்மைச் சமூகத்தைப் பார்த்துத்தான் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கின்றன. அதனால் வேட்பாளரின் சாதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது, மிச்சமுள்ள காரணங்கள்தான் தீர்ப்பைத் தருகின்றன. 2010, 2016 என்று தனித்து நின்ற இந்த இரண்டு முறையும் பா.ம.க. பெற்றது, பதிவான வாக்கில் கால் பங்கை ஒட்டி. இந்தப் பங்கு அசையாது. எந்தக் காற்றிலும் அசையாத இவ்வளவு ஓட்டு வேறெந்தக் கட்சிக்கும் இங்கே இல்லை. ஆனால் அது அடித்தளம் மட்டும்தான். அதன் மேல் யார் கட்டுகிறார்கள் என்பதை மற்ற சமூகங்களும், பெண்களும், அந்த இரவுப் பேருந்தில் வருகிறவர்களும்தான் முடிவு செய்கிறார்கள்.

2021-இல் அ.தி.மு.க. அந்த அடித்தளத்தோடு சேர்ந்தது. ஜி.கே. மணி ஒரு லட்சத்துக்கு மேல் வாங்கி 21,186 வாக்குகளில் வென்றார். 2016-இல் இரு கட்சிகளும் தனித்தனியே வாங்கியதைக் கூட்டினால் வரும் எண்ணுக்கு இது ஏறக்குறையச் சமம். மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் அந்த அணிக்கே போயின: பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் அ.தி.மு.க.வுக்கு, தருமபுரி, பென்னாகரம் பா.ம.க.வுக்கு. மாநிலத்தில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்த தேர்தலில் இந்த மாவட்டம் ஓர் இடம்கூடத் தரவில்லை. வன்னியருக்கு 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் அந்த ஆண்டு பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில் நிறைவேறியது. அதன் பலன் இங்கே அறுவடையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தச் சட்டத்தை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2022 மார்ச் 31-இல் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

அப்படியானால் அ.தி.மு.க.வும் பா.ம.க.வும் சேர்ந்தால் வெற்றி நிச்சயமா? 2019 அதற்கும் இடம் தரவில்லை. மக்களவைத் தேர்தலில் அன்புமணி அந்தக் கூட்டணியின் வேட்பாளராக நின்று தி.மு.க.வின் செந்தில்குமாரிடம் 70,753 வாக்குகளில் தோற்றார். அதே நாளில், அதே வாக்குச்சாவடிகளில், பாப்பிரெட்டிப்பட்டிக்கும் அரூருக்கும் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலில் அ.தி.மு.க. இரண்டையும் வென்றது. கூட்டணியின் டெல்லி வேட்பாளர் விழுந்தார், கோட்டை வேட்பாளர்கள் எழுந்தார்கள். சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளந்து கல் நட்ட ஊர்கள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. அந்தச் சாலைக்கு எதிராக நீதிமன்றம் போனவர்களில் அன்புமணியும் ஒருவர். ஆனால் வாக்குக் கேட்டு வந்தபோது அந்தச் சாலையைக் கொண்டுவந்த அரசோடு கூட்டணியில் இருந்தார். இரண்டு இயந்திரத்தில் இரண்டு பொத்தானை அழுத்தும்போது, இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில் தேவையில்லை என்பது இந்த வாக்காளர்களுக்குத் தெரிந்திருந்தது. எழுத்தறிவு விகிதத்தை வைத்து இவர்களை எடைபோடுகிறவர்கள் இந்த ஒரு நாளைக் கவனிக்க வேண்டும்.

2024-இல் மூன்று பெரிய அணிகள். தி.மு.க.வின் ஆ. மணி சுமார் 4.33 லட்சம், பா.ஜ.க. கூட்டணியில் நின்ற பா.ம.க.வின் சௌமியா அன்புமணி சுமார் 4.11 லட்சம், தனி அணியாக நின்ற அ.தி.மு.க. சுமார் 2.94 லட்சம். வித்தியாசம் 21,300. ஐந்து ஆண்டுகளுக்கு முன் தி.மு.க. வாங்கியதைவிட ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வாங்கியும் வென்றது. எதிரணி பிரிந்ததால் கிடைத்த வெற்றி அது.

இந்தக் கணக்கெல்லாம் நாற்காலிக் கணக்கு. இந்த மாவட்டத்தின் ஓட்டை உண்மையில் மாற்றிய நாள் ஒன்று உண்டு. அது தேர்தல் நாள் இல்லை. 2012 நவம்பர் 7. ஒரு கலப்புத் திருமணத்தை ஒட்டி, மணப்பெண்ணின் தந்தை இறந்த மாலையில், நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஜூலையில் மணமகனான இளைஞரும் ரயில் பாதை ஓரத்தில் உயிரற்றுக் கிடந்தார். நாயக்கன்கொட்டாய்க்கு வேறொரு பழைய பெயரும் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் நக்சல்பாரி இயக்கம் வேரூன்றிய இடம் அது. இரட்டைக் குவளை முறைக்கு எதிராக வன்னியர் வீட்டுப் பிள்ளைகளும் தலித் வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக நின்ற ஊர். 1980-இல் காவல்துறை அந்த இயக்கத்தை நசுக்கியது. அந்த வெற்றிடத்தில் வேறு என்ன முளைத்தது என்பதை 2012 காட்டியது.

2014-இல் அன்புமணி 77 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அ.தி.மு.க. 37 இடங்களை அள்ளிய ஆண்டு அது. அந்த அலையில் தப்பியவை கன்னியாகுமரியும் தருமபுரியும் மட்டும். நாயக்கன்கொட்டாய் இல்லாமல் இந்த வெற்றியைப் புரிந்துகொள்ள முடியாது. காதல் திருமணங்களுக்கு எதிராகப் பா.ம.க. தலைமை மாநிலமெங்கும் நடத்திய பிரசாரம் இங்கே வன்னியர் வாக்கை இறுக்கியது. ஆனால் அந்த இறுக்கம் எதிர்ப்பக்கத்தையும் இறுக்கியது. 2016-லும் 2019-லும் 2024-லும் தலித் வாக்கு அந்தக் கட்சிக்கு எதிராக யார் ஜெயிக்க முடியுமோ அவர் பக்கம் போய்ச் சேர்ந்தது என்பதே என் கணிப்பு. அன்று எரிந்த வீடுகளின் சாம்பல் மூன்று தேர்தல்களிலும் ஓட்டுப் போட்டது.

அரூரைப் பற்றிச் சிறிதாவது சொல்ல வேண்டும். தனித்தொகுதியான அங்கே 2006-லும் 2011-லும் மார்க்சிஸ்ட் கட்சியின் டில்லிபாபு வென்றார், முதல் தடவை தி.மு.க. அணியில், அடுத்த தடவை அ.தி.மு.க. அணியில். கூட்டணி பலம் மட்டும் அதற்குக் காரணமில்லை. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நடத்திய கொடுமைக்கு எதிராக அந்தக் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் வழக்கு நடத்தின. 2011-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பது ஆண்டுகள் கூடவே நின்றவர்களை மலைமக்கள் மறப்பதில்லை.

பெண்களின் ஓட்டு தனியாகப் பேச வேண்டிய விஷயம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான், பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன மண்ணில், தொட்டில் குழந்தைத் திட்டம் வந்து சேர்ந்த மண்ணில், கையெழுத்துப் போடவும் வங்கிக்குப் போகவும் கூட்டத்தில் எழுந்து பேசவும் பெண்கள் கற்றுக்கொண்ட இடம் அந்தக் குழுக்கள். 2023 ஜூலை 24 அன்று மகளிர் உரிமைத் தொகைக்கான முதல் விண்ணப்ப முகாமை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது தொப்பூரில். அடுத்த ஆண்டு ‘மக்களுடன் முதல்வர்’ திட்டத்தின் ஊரகப் பகுதி விரிவாக்கமும் இங்கேயே பாளையம்புதூரில் தொடங்கியது. ஐந்து இடத்தையும் இழந்த மாவட்டத்துக்கு அரசு ஏன் திரும்பத் திரும்ப வந்தது? தோற்கடிக்கத் தெரிந்த ஊரைத்தான் அரசு தேடி வரும். எப்போதும் ஒரே பக்கம் விழும் ஊருக்கு வர வேண்டிய அவசியமில்லை.

காசு கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள், உண்மைதான். இரண்டு பக்கமும் கொடுக்கும்போது இரண்டும் வாங்கப்படுகின்றன. தோற்றவரும் கொடுத்திருக்கிறார் என்பதால் காசு எதையும் விளக்காது.

தண்ணீரின் கதையும் இதே மாதிரிதான். ஃப்ளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்து, சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பெண்களை இந்த வட்டாரத்தில் எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் பார்க்கலாம், பல்லில் அந்த மஞ்சள் கறை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கருணாநிதி 2008-இல் அடிக்கல் நாட்டினார். ஜப்பான் கடனில் வேலை நடந்து 2013-இல் ஜெயலலிதா திறந்துவைத்தார். இரண்டு கட்சிகளும் அதைத் தங்களுடையது என்கின்றன. மக்கள் இரண்டு கட்சிக்கும் அதற்கான மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்: குடிக்கத் தண்ணீர் வந்தது, வயலுக்கு எப்போது? காவிரி உபரி நீரை ஏரிகளுக்கு ஏற்றும் திட்டத்துக்காகப் பா.ம.க. 2024 அக்டோபரில் மாவட்டம் முழுக்க அரைநாள் கடையடைப்பு நடத்தியது. மொரப்பூர்–தருமபுரி ரயில் பாதை உலகப் போர்க் காலத்தில் பிடுங்கப்பட்டது. 2019 தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் மறுபடி அடிக்கல் நாட்டப்பட்டது. தேர்தல் வந்தால்தான் தண்டவாளமும் நினைவுக்கு வருகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான், ஓட்டு நாளில் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்று இவர்கள் தெரிந்துகொண்டார்கள். மற்ற நாட்களில் அரசு அலுவலகத்தின் வாசலில் இவர்கள் நிற்கிறார்கள். அந்த ஒரு நாளுக்காக அரசு இவர்கள் தெருவுக்கு வருகிறது, கோட்டூருக்கு மலையும் ஏறுகிறது.

இத்தனை அக்கறையோடு போடப்படும் ஓட்டுக்கு ஒரு பாதுகாப்பு இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்துவது. தேர்தல் முடிந்து சில நாட்களில் படிவம் 20 வெளியாகும். எந்தச் சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்ற முழுக் கணக்கு அதில் இருக்கும். இந்த மாவட்டத்தில் ‘ஊர்’ தனி, ‘காலனி’ தனி. பல இடங்களில் சாவடியும் ஏறக்குறைய அந்தக் கோட்டின்படியே பிரிகிறது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப் போவதாக 2025-இல் அறிவித்தார்கள், நல்லது. ஆனால் படிவம் 20-ஐப் படிக்கிறவருக்கு அந்தச் சொல் தேவையில்லை, சாவடி எண் போதும். டீக்கடை பெஞ்சில் அந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு விரலை ஓட்டுவார்கள். ‘நம்ம தெருல இத்தன, அந்தத் தெருல இத்தன’ என்பார்கள். பிறகு அந்தத் தெருவுக்கு வேலை வருமா, குழாய் வருமா, கூலிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் எல்லாம் அந்த எண் நுழைந்துவிடும். வன்னியர் தெருவில் பா.ம.க.வுக்கு எதிராகப் போட்ட குடும்பத்துக்கும் இதே கண்காணிப்பு உண்டு. ரகசிய வாக்கெடுப்பு தனி மனிதருக்கு இருக்கிறது, தெருவுக்கு இல்லை. 2019-இல் பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியில் எட்டுச் சாவடிகளுக்கு மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டி வந்தது. அதில் பல நத்தமேட்டில். ஒரே ஊரின் சாவடிகள் மேல் இவ்வளவு ஆசை வருவதற்கு, ஒவ்வொரு சாவடியின் எண்ணும் தனியாக வெளிவருகிறது என்பதும் ஒரு காரணம்.

வாக்குச்சீட்டு இருந்த காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்தபின் அது போய்விட்டது. பல இயந்திரங்களை ஒன்றாக இணைத்து மொத்தக் கூட்டலை மட்டும் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015 மார்ச்சில் அதைப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. சாவடி வாரியாகத் தெரிந்தால்தான் கட்சிகள் எங்கே பின்தங்கினோம் என்று பார்த்து வேலை செய்ய முடியும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். சென்னைக்கோ கோவைக்கோ அந்த வாதம் பொருந்தலாம். நத்தம் காலனி எரிந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது.

அடுத்த தேர்தலுக்கும் அந்தப் பேருந்து நிறையத்தான் போகிறது. மடியில் குழந்தையோடு படிக்கட்டில் தூங்கிவந்த பெண் காலையில் வரிசையில் நிற்பார், விரலில் மை வைத்துக்கொள்வார், அன்று இரவே பெங்களூருக்குத் திரும்புவார். அவர் தெரு எப்படிப் போட்டது என்ற கணக்கு, வழக்கம்போல, சாவடி வாரியாக வெளிவரும்.